கிருமியின் உக்கிரத்தைத் தீர்மானிப்பது எது?

காலபோக விதைப்பு முடிந்து மாரி வெள்ளம் வயலில் நிற்கத் தொடங்கியதும் வன்னியில் காய்ச்சலைப் பற்றிய பேச்சும் தொடங்கிவிடுகிறது. வைத்தியசாலை வாங்கிலும் தேநீர்க் கடையிலும் அப்போது இரண்டு கூற்றுகள் தவறாமல் காதில் விழும். "இப்பத்தைக் கிருமிக்கு வீரியம் கூடிப்போச்சு" என்பது ஒன்று. "கொஞ்சக் காலம் போக எங்கட உடம்போட பழகி அடங்கியிடும்" என்பது மற்றையது. 2024ஆம் ஆண்டு மார்கழியில் யாழ்ப்பாணத்தில் காய்ச்சலால் சிலர் இறந்தபோது, அது எலிக்காய்ச்சல் என்று உறுதியாவதற்கு முன்னர் "மர்மக் காய்ச்சல்" என்ற பெயரோடு செய்தி பரவியது. அப்போதும் இதே இரண்டு கூற்றுகளைத்தான் மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு வரை கேட்க முடிந்தது.

ஒன்றுக்கொன்று எதிரானவைபோலத் தோன்றும் இக்கூற்றுகள் இரண்டும் ஒரே பிழையான எண்ணத்தின் மேல் நிற்கின்றன. கிருமிக்கு இயல்பாகவே ஒரு போக்கு உண்டு, காலம் செல்லச் செல்ல அது கொடிதாகும் அல்லது சாதுவாகும் என்பதே அந்த எண்ணம். அப்படியொரு பொதுப் போக்கு இருப்பதாக இதுவரை எவராலும் காட்ட முடியவில்லை. சில பற்றீரியாக்கள் கொடியவை ஆகியுள்ளன; சில மென்மை அடைந்துள்ளன; இன்னும் சில, மனிதரைக் கொல்வதால் எந்தப் பயனும் அடையாமலே கொன்றுகொண்டிருக்கின்றன. இவை ஏன் இவ்வாறு வேறுபடுகின்றன என்பதை உயிரியல் படிக்காதவருக்கும் விளங்கும் வகையில் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம்

நோயை உண்டாக்கும் நுண்ணங்கியை நோயாக்கி என்பர். அது தங்கிப் பெருகுவதற்குத் தன் உடலில் இடம் கொடுக்கும் உயிரி விருந்துவழங்கி எனப்படும். மனிதன், எலி, மாடு, கோழி ஆகிய எதுவும் விருந்துவழங்கியாக இருக்கலாம். நோயாக்கி தன் விருந்துவழங்கிக்கு எவ்வளவு கேட்டை விளைவிக்கிறதோ அந்த அளவே அதன் உக்கிரம் ஆகும்.

நாம் வழக்கில் "வீரியம்" என்று சொல்லும்போது மூன்று வெவ்வேறு விடயங்களை ஒன்றாகக் குழைத்துவிடுகிறோம். ஒரு நோய் ஆளுக்கு ஆள் வேகமாகப் பரவுவது ஒரு விடயம். தொற்றியவரை அது கடுமையாக வருத்துவது இன்னொரு விடயம். கொடுத்த மருந்துக்கு அது பணியாமல் இருப்பது மூன்றாவது விடயம். சாதாரண தடிமன் ஊர் முழுவதும் பரவும், ஆனால் ஆளைக் கொல்லாது. ஏற்புவலி ஆளுக்கு ஆள் தொற்றவே தொற்றாது, ஆனால் வந்தால் உயிருக்கு ஆபத்து. மருந்துக்குப் பணியாத காசநோய்க் கிருமியோ, மருந்துக்குப் பணியும் காசநோய்க் கிருமியை விட உடலை அதிகம் அரிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. குணப்படுத்துவது கடினம் என்பதால்தான் அதனால் அதிகமானோர் இறக்கின்றனர். இக்கட்டுரை இரண்டாவது விடயத்தை, அதாவது உக்கிரத்தை, மட்டுமே பேசுகிறது.

உக்கிரம் என்பது கிருமியின் தனிச் சொத்து அன்று என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கிருமியும் உடலும் சந்திக்கும் இடத்தில்தான் அது பிறக்கிறது. எலியின் சிறுநீரகத்தில் எந்தத் தொந்தரவும் கொடுக்காமல் ஆயுள் முழுவதும் குடியிருக்கும் அதே பற்றீரியா, மனிதனுக்குள் வந்ததும் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யக்கூடும். ஆகவே "இது கொடிய கிருமி" என்று சொல்லும்போதெல்லாம் "யாருக்கு?" என்ற கேள்வியையும் கேட்டாக வேண்டும்.

களைநெல் கற்றுத்தரும் பாடம்

நம் வயல்களில் பயிர்நெல்லோடு கலந்து களைநெல்லும் முளைக்கிறது; பன்றிநெல் என்று சொல்வோரும் உண்டு. பயிர்நெல்லைப் போலவே தோன்றும் அதனை இளம்பருவத்தில் பிரித்தறிவது கடினம். அதன் முக்கியமான இயல்பு, மணி முற்றியதும் கதிரில் நிற்காமல் உதிர்ந்துவிடுவது. கதிரில் நிற்கும் மணிகளை அறுவடை இயந்திரம் வாரிச் சென்றுவிடும். உதிர்ந்தவை மண்ணில் கிடந்து அடுத்த போகத்தில் முளைக்கும். போகம் போகமாக இது நடக்கும்போது, விரைவில் உதிரும் இயல்புடைய களைநெல் வயலில் பெருகுகிறது. அறுவடைக்கு முன் உதிர வேண்டும் என்று களைநெல் திட்டமிடவில்லை. நாம் அறுவடை செய்யும் முறையே உதிர்வதை மிச்சம் விட்டு, நிற்பதை அகற்றியது.

சூழ்நிலை இவ்வாறு சில வகைகளை மிச்சம் விட்டுச் சிலவற்றை அகற்றுவதே இயற்கைத் தேர்வு. அதற்கு மூன்றே நிபந்தனைகள் போதும்: ஒரே இனத்துக்குள் வேறுபாடுகள் இருக்க வேண்டும், அவ்வேறுபாடுகள் அடுத்த தலைமுறைக்குக் கடத்தப்பட வேண்டும், பிழைத்துப் பெருகும் வாய்ப்பை அவை கூட்டவோ குறைக்கவோ வேண்டும்.

நெல்லுக்கு ஒரு தலைமுறை செல்ல மூன்று நான்கு மாதங்கள் வேண்டும். நம் குடலில் வாழும் ஈ.கோலை என்னும் பற்றீரியா, நல்ல ஊட்டமும் ஏற்ற வெப்பமும் கிடைத்தால் ஏறத்தாழ 20 நிமிடங்களில் இரண்டாகப் பிளந்துவிடும். இந்த வேகம் குறையாவிட்டால் 10 மணித்தியாலத்தில் 30 தடவை இரட்டித்து, ஒரே ஒரு கலம் 107 கோடியைத் தாண்டிவிடும். (உடலுக்குள் இவ்வளவு வசதி கிடைப்பதில்லை, பெருகுவதும் அழிவதும் ஒருங்கே நடக்கும்.) ஒவ்வொரு பிளவிலும் பற்றீரியா தன் பரம்பரைப் பதிவைப் படியெடுக்கிறது. படியெடுக்கும்போது நேரும் பிழையைப் பிறழ்வு என்பர். ஏறத்தாழ ஆயிரம் பிளவுகளுக்கு ஒரு பிழை என்று வைத்துக்கொண்டாலும், 107 கோடிக் கலங்கள் உருவாகும்போது பத்து இலட்சம் அளவில் புதிய பிறழ்வுகள் தோன்றிவிடுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை பயனற்றவை அல்லது கேடானவை. ஓரிரண்டு மட்டும் அந்தச் சூழ்நிலையில் உதவக்கூடும், அவையே மிஞ்சும்.

சுருக்கமாக: கிருமி எதையும் விரும்பித் தன்னை மாற்றிக்கொள்வதில்லை. மாற்றங்கள் தற்செயலாகத் தோன்றுகின்றன. எது நிலைக்கும் என்பதைச் சூழ்நிலை முடிவுசெய்கிறது.

உக்கிரத்தின் கருவிகள் எங்கிருந்து வருகின்றன

பிறழ்வு மட்டுமே வழியாக இருந்திருந்தால் பற்றீரியாக்களின் உக்கிரம் மிக மெதுவாகவே மாறியிருக்கும். அவற்றுக்கு இன்னொரு வழியும் உண்டு. உயிரியின் ஓர் இயல்பை எழுதிவைத்திருக்கும் பரம்பரைப் பதிவின் துண்டைப் பரம்பரையலகு என்பர். நாம் அதைப் பெற்றோரிடமிருந்து மட்டுமே பெறுகிறோம். பற்றீரியாவோ உறவில்லாத அயலவரிடமிருந்தும் பெற்றுக்கொள்ளும்.

இதை முதன்முதலில் காட்டியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த பிரெட்ரிக் கிரிபித். நுரையீரல் அழற்சியை உண்டாக்கும் ஒரு பற்றீரியாவில் அவர் இரண்டு வகைகளை வைத்திருந்தார். வழவழப்பான உறை உடைய வகை எலிகளைக் கொன்றது. உறையில்லாத வகை கொல்லவில்லை. உடலின் வெண்குருதிக் கலங்கள் கிருமியை விழுங்க விடாமல் அந்த உறை காத்ததே காரணம். 1928இல் அவர் வெளியிட்ட ஆய்வில், வெப்பத்தால் கொல்லப்பட்ட உறையுள்ள வகையை உயிருள்ள, தீங்கற்ற, உறையில்லா வகையோடு சேர்த்து எலிகளுக்கு ஏற்றினார். எலிகள் இறந்தன, அவற்றின் குருதியில் உறையுள்ள பற்றீரியாக்கள் உயிரோடு இருந்தன. செத்த கிருமியின் பரம்பரைப் பொருளை எடுத்துக்கொண்டு, சாதுவான கிருமி கொடியதாக மாறியிருந்தது. அந்தப் பொருள் டி.என்.ஏ. என்பது 1944இல் ஒஸ்வால்ட் ஏவரியின் குழுவினரால் நிறுவப்பட்டது.

வாந்திபேதி என்று நம் மூத்தோர் அஞ்சிய கொலராவின் கதை இதைவிட வியப்பானது. கொலராப் பற்றீரியா குடலின் சுவரைத் துளைத்து உள்ளே செல்வதில்லை. குடலின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு ஒரு நச்சைச் சுரக்கிறது. அந்த நச்சு குடற்கலங்களை உப்பையும் நீரையும் வெளியே கொட்டச் செய்கிறது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஒருவர் மணிக்கு 1 லீற்றர் வரையும் நீரை இழக்கக்கூடும். கல்கத்தாவில் பணியாற்றிய சம்புநாத் டே என்னும் மருத்துவ அறிஞர், முயலின் குடலில் கட்டுப்போட்டுச் செய்த எளிய ஆனால் மிக நுட்பமான சோதனைகளின் மூலம் இந்த நச்சு உண்டென்பதை 1959இல் நிறுவினார். வாழ்நாளில் அவருக்குக் கிடைத்த மதிப்பு அவர் செய்த பணிக்கு மிகக் குறைவு என்பதை எழுதாமல் கடந்துபோக என்னால் முடியவில்லை.

அந்த நச்சைச் செய்யும் பரம்பரையலகு உண்மையில் கொலராப் பற்றீரியாவுக்குச் சொந்தமானதே அன்று. 1996இல் மத்தியூ வோல்டோரும் ஜோன் மெக்கலானோசும் கண்டறிந்தபடி, அதை ஒரு வைரசு சுமந்து வந்து கொடுத்திருக்கிறது. பற்றீரியாக்களையும் தாக்கும் வைரசுகள் உண்டு. அவை பற்றீரியா விழுங்கிகள் எனப்படும். பற்றீரியாவைக் கொல்லாமல் அதன் பரம்பரைப் பதிவுக்குள்ளேயே சில விழுங்கிகள் குடியேறிவிடும். அப்போது தாம் சுமந்துவரும் பரம்பரையலகுகளையும் அங்கே சேர்த்துவிடும். கழிமுகங்களிலும் கரையோர நீரிலும் வாழும் கொலராப் பற்றீரியாக்களில் பெரும்பாலானவை இந்த நச்சு இல்லாதவை. விழுங்கி குடியேறியவையே ஊர்களை அழித்தன. தொண்டைக்கரப்பான் நோயும் இவ்வாறானதே. அந்தப் பற்றீரியாவின் நச்சும் ஒரு விழுங்கியோடு வருவதே என்பதற்கான சான்றை விக்டர் பிரீமன் 1951இலேயே தந்திருந்தார்.

பெறுவதால் மட்டும் உக்கிரம் கூடுவதில்லை, இழப்பதாலும் கூடும். கட்டாக்காலி மாட்டின் கழுத்தில் இருக்கும் மணி அறுந்து விழுந்துவிட்டால், அது இரவில் வயலுக்குள் நுழைவது யாருக்கும் கேட்காது. வயிற்றுளைவை உண்டாக்கும் சிகெல்லாப் பற்றீரியா, பரம்பரைக் கணக்கில் ஈ.கோலையின் ஒரு கிளையே. ஈ.கோலையில் உள்ள ஒரு பரம்பரையலகு உண்டாக்கும் பொருள், சிகெல்லாவின் நச்சு வேலைசெய்வதைத் தடுக்கும் இயல்புடையது. சிகெல்லாவின் வெவ்வேறு கிளைகள் அந்தப் பரம்பரையலகைத் தனித்தனியே இழந்திருக்கின்றன. தடையாக இருந்த மணி அறுந்தது.

எதிர்த்திசையில் நடந்த இழப்பின் அடையாளம் நம் ஒவ்வொருவரின் புயத்திலும் இருக்கிறது. காசநோயைத் தடுக்கப் பிறந்தவுடன் போடப்படும் பி.சி.ஜி. ஊசியின் தழும்பைத்தான் சொல்கிறேன். பிரான்சில் அல்பெர் கல்மெற், கமில் கெரான் என்ற இருவர், மாடுகளுக்குக் காசநோய் தரும் பற்றீரியாவை 1908 முதல் 1921 வரை, பித்தமும் கிளிசரினும் சேர்த்த உருளைக்கிழங்குத் துண்டுகளில் 230 தடவை மாற்றி மாற்றி வளர்த்தனர். உடலில் நுழையவும் வெண்குருதிக் கலத்தோடு போராடவும் வேண்டிய தேவை அங்கே இருக்கவில்லை. ஆயுதங்கள் தேவைப்படாத அந்த வாழ்க்கையில் அவற்றை இழந்த வகையே நிலைத்தது. நோயை உண்டாக்கும் திறனை அது இழந்துவிட்டது; ஆனால் உடலுக்குப் பகைவனை அடையாளம் காட்டும் திறன் அதில் எஞ்சியிருந்தது. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு, அதன் பரம்பரைப் பதிவில் தொலைந்துபோன துண்டு எது என்பதையும் கண்டுகொண்டனர்.

சுருக்கமாக: உக்கிரத்தின் கருவிகள் பிறழ்வாலும், அயலவரிடமிருந்து பெறுவதாலும், தடையாக இருந்ததை இழப்பதாலும் வருகின்றன. வந்த கருவி நிலைக்குமா தொலையுமா என்பது அதன் தேவையைப் பொறுத்தது.

விறகுச் சைக்கிளின் கணக்கு

தேவை என்று சொன்னேன். கிருமிக்குத் தேவை ஒன்றுதான்: இந்த உடல் முடிவதற்குள் அடுத்த உடலை அடைந்துவிட வேண்டும். அதை அடைந்த வகையின் சந்ததி இருக்கும்; அடையாத வகையின் சந்ததி இராது.

இதை விளங்கிக்கொள்ள, காட்டோரத்திலிருந்து சந்தைக்குச் சைக்கிளில் விறகு கட்டிச் செல்பவரை நினைத்துக்கொள்ளலாம். குறைவாகக் கட்டினால் சைக்கிளுக்குச் சேதமில்லை, ஆனால் கையில் காசு மிஞ்சாது. அளவுக்கு மீறிக் கட்டினால் பாதிவழியிலேயே ரிம் வளைந்துவிடும். விறகு சந்தையை அடையாது. எனவே இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு பாரமே அவருக்கு அதிக வருவாயைத் தரும். அந்த இடைப்பட்ட பாரம் எல்லோருக்கும் ஒன்றாக இராது என்பதே இங்கு முக்கியமானது. சந்தை அரை மைல் தூரத்தில் இருந்தால் சைக்கிள் தாங்காத அளவு பாரத்தையும் ஏற்றித் தள்ளிக்கொண்டு போய்விடலாம். சந்தை பத்து மைல் தள்ளி இருந்தால் சைக்கிளைக் காப்பாற்றியே ஆக வேண்டும்.

சைக்கிள் இருக்கும் இடத்தில் நம் உடலை வைத்துப் பாருங்கள். கிருமி உடலுக்குள் எவ்வளவு பெருகுகிறதோ அவ்வளவுக்கு அது இருமலோடும் கழிச்சலோடும் வெளியேறி மற்றவரை அடையும் வாய்ப்பும் கூடும். ஆனால் அளவுக்கு மீறிப் பெருகினால், பரவுவதற்கு முன்னரே நோயாளி இறந்துவிடுவார். பெருகுவதால் வரும் பயனுக்கும் விருந்துவழங்கியை இழப்பதால் வரும் நட்டத்துக்கும் இடையிலான இந்தக் கொடுக்கல்வாங்கலை ரோய் அண்டர்சன், ரொபேட் மே ஆகியோர் 1982இல் கணித வடிவில் எழுதினர். நல்ல நோயாக்கி தன் விருந்துவழங்கியைக் கொல்லாது, ஆகவே எல்லா நோயும் காலப்போக்கில் சாதுவாகிவிடும் என்று அதுவரை பரவலாக நம்பப்பட்டுவந்தது. அந்த நம்பிக்கையை இவர்களின் கணக்கு அசைத்தது.

இந்தக் கணக்கின் மிகத் தெளிவான சான்று ஒரு பற்றீரியாவிலிருந்து வரவில்லை, ஒரு வைரசிலிருந்து வந்தது. அவுஸ்திரேலியாவில் பெருகிய முயல்களைக் கட்டுப்படுத்த 1950இல் மிக்சோமா வைரசை அவிழ்த்துவிட்டனர். தொடக்கத்தில் அது தொற்றிய முயல்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும் கொன்றது. சில ஆண்டுகளுக்குள் சற்றே மெதுவாகக் கொல்லும் வகைகள் மேலோங்கின என்பதைப் பிராங் பென்னரும் அவரோடு பணியாற்றியோரும் கண்டனர். மிகக் கொடிய வகை, நுளம்பு வந்து கடித்து எடுத்துச்செல்வதற்கு முன்னரே முயலைக் கொன்றுவிட்டது. மிகச் சாதுவான வகையிலிருந்து முயல் விரைவில் குணமடைந்துவிட்டது. இடையில் நின்ற வகையே அதிக நுளம்புகளில் ஏறியது. இதை "பழகிப்போச்சு" என்பதற்கு ஆதாரமாகக் காட்டுவோர் அடுத்த பகுதியைச் சொல்வதில்லை: இடையில் நின்ற அந்த வகையும் முயல்களில் பாதிக்கு மேற்பட்டவற்றைக் கொன்றது. முயல்களின் எதிர்ப்புத் திறன் தலைமுறை தலைமுறையாக வளர்ந்தபோது, வைரசின் உக்கிரமும் மீண்டும் ஏறியது.

பற்றீரியாவில் இதற்கு நேரெதிரான ஏற்றத்தைக் கண்முன்னே கண்ட சான்றும் உண்டு. கோழிகளுக்கு மூச்சு நோயைத் தரும் ஒரு பற்றீரியா, வட அமெரிக்காவில் வீட்டு முற்றங்களில் தானியம் கொத்தும் ஒரு சிறு குருவியினத்துக்குத் தாவியது. வோஷிங்டன் நகரை அண்டி 1994இல் அது முதலில் கவனிக்கப்பட்டது. குருவிகளின் கண்கள் வீங்கி மூடிக்கொண்டன. அடுத்து வந்த ஆண்டுகளில் அந்தப் பற்றீரியா சாதுவாகவில்லை, படிப்படியாகக் கொடியதாகியது. மேற்குக் கரையை அடைந்தபோது சற்று மென்மையான வகையாக நிலைகொண்டு, அங்கேயும் பின்னர் ஏறியது. குணமடைந்த குருவிகளுக்கு அரைகுறையான எதிர்ப்பு மட்டுமே கிடைத்ததை இதற்கு ஒரு காரணமாக ஆய்வாளர் காட்டுகின்றனர். அந்த அரைகுறை மதிலைத் தாண்டி இரண்டாம் முறை தொற்ற, உக்கிரமான வகைகளால் மட்டுமே முடிந்தது.

சந்தை அருகில் இருப்பது என்றால் என்ன என்பதைக் கொலரா காட்டுகிறது. படுக்கையை விட்டு எழ முடியாத நோயாளியால் வேறு எவரையும் சென்று தொட முடியாது. ஆனால் அவருடைய கழிச்சல் குடிநீரில் கலக்குமானால், அவர் நடக்க வேண்டிய தேவையே இல்லை; தண்ணீர் அவருக்காக நடக்கிறது. அப்படிப்பட்ட ஊரில், அதிகம் கழியச் செய்யும் வகைக்கு நட்டம் குறைவு, பயன் அதிகம். குடிநீரும் மலமும் ஒன்றையொன்று சந்திக்காத ஊரில் அந்தக் கணக்கு தலைகீழாகும். நோயாளியை நடமாட விடும் வகைக்கே வாய்ப்பு அதிகம். போல் எவால்ட் என்னும் உயிரியலாளர் இந்த வாதத்தைப் பல ஆண்டுகளாக முன்வைத்து வருகிறார். மலசலகூடமும் பாதுகாப்பான கிணறும் நோயாளரின் எண்ணிக்கையை மட்டுமல்லாது கிருமியின் உக்கிரத்தையும் குறைக்கக்கூடும் என்பது அவருடைய முடிவு. எண்ணிக்கை குறையும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. உக்கிரமும் குறையும் என்பதை எல்லா ஆய்வாளரும் ஏற்றுக்கொள்வதில்லை. எனக்கு அந்த வாதம் வலுவானதாகவே தோன்றுகிறது.

நெரிசல் என்றால் என்ன என்று வன்னியில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2009இல் செட்டிகுளத்து முகாம்களில் தண்ணீருக்கும் மலசலகூடத்துக்கும் வரிசையில் நின்றவர்களுக்கு, நோய் எவ்வளவு விரைவில் கூடாரத்துக்குக் கூடாரம் தாவும் என்பது தெரியும். செங்கமாரி அங்கே பரவியதை நாம் மறக்கவில்லை. ஆயினும் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். நெரிசலில் நோய் வேகமாகப் பரவுவதும், நெரிசலால் கிருமியின் உக்கிரம் கூடுவதும் வெவ்வேறானவை. முதலாவது சில நாட்களில் நிகழும். இரண்டாவதற்குப் பல தொற்றுத் தலைமுறைகள் வேண்டும். ஒரு கொள்ளைநோயில் பலர் இறந்தனர் என்பதால் கிருமி மாறிவிட்டது என்று முடிவுகட்ட முடியாது. பசியும் களைப்பும் மருந்தின்மையும் சேர்ந்தாலே பழைய கிருமி அந்த வேலையைச் செய்துவிடும்.

சுருக்கமாக: உக்கிரத்துக்கு ஒரு விலையும் ஒரு பயனும் உண்டு. அடுத்த உடலுக்குச் செல்லும் பாதை எவ்வளவு எளிதாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு அந்த விலை குறைகிறது.

ஒரே குளத்தில் பலர்

இதோடு சேர்த்துச் சுருக்கமாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. கோடையில் குளம் வற்றும்போது ஒருவர் மட்டும் மீன்பிடிப்பாரானால் குஞ்சுகளை விட்டுவைப்பார். பத்துப்பேர் இறங்கிவிட்டால், தான் விட்டதை அடுத்தவர் அள்ளுவார் என்பதால் எவரும் விடமாட்டார். ஒரே உடலுக்குள் ஒரே நோயின் பல வகைகள் சேர்ந்து தொற்றினால் இதுவே நடக்கக்கூடும்: நிதானமாகப் பெருகும் வகை பின்தங்க, முந்தி அள்ளும் வகை வெல்லும், சேதம் முழுவதும் உடலுக்கு.

வழிதவறி வந்த உக்கிரம்

மேலே சொன்ன கணக்கு எல்லா நோய்க்கும் பொருந்தும் என்று எண்ணுவது அடுத்த பிழை. வன்னி விவசாயியை அதிகம் அச்சுறுத்தும் சில நோய்களுக்கு அது பொருந்தவே பொருந்தாது. மனிதனிலிருந்து மனிதனுக்கு அவை செல்வதில்லை. அவற்றின் கணக்கில் மனித உடல் ஒரு முட்டுச்சந்து.

ஏற்புவலியை எடுத்துக்கொள்வோம். அந்தப் பற்றீரியா மண்ணிலும் விலங்குகளின் சாணத்திலும் வித்தி எனப்படும் கடினமான உறங்குநிலையில் ஆண்டுக்கணக்காகக் கிடக்கும். துருப்பிடித்த ஆணியோ முள்ளோ ஆழமாகக் குத்திக் காற்றுப்படாத காயம் ஏற்பட்டால் அங்கே விழித்துப் பெருகி, நாம் அறிந்த நச்சுகளிலேயே மிகக் கொடியவற்றுள் ஒன்றைச் சுரக்கிறது. தசைகள் இறுகி மூச்சுத் திணறி ஆள் இறப்பதால் அந்தப் பற்றீரியாவுக்கு எந்த ஆதாயமும் இல்லை. மனிதனைக் கொல்வதற்காக அந்த நச்சு தேர்ந்தெடுக்கப்படவும் இல்லை.

எலிக்காய்ச்சலும் இந்த வகையைச் சேர்ந்ததே. அதன் கிருமி லெப்டோஸ்பைரா என்னும் சுருள்வடிவப் பற்றீரியா. எலிகளின் சிறுநீரகக் குழாய்களில் அது நோயேதும் தராமல் தங்கி, சிறுநீரோடு வெளியேறி, வாய்க்கால் நீரிலும் சேற்றிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். வரம்பு வெட்டும்போதும் களை பிடுங்கும்போதும், காலில் உள்ள கீறல் வழியாகவோ நீரில் ஊறிய தோல் வழியாகவோ நமக்குள் நுழைகிறது. தொற்றிய பெரும்பாலானோருக்கு உடல்நோவோடு கூடிய காய்ச்சலாகக் கடந்துபோகும். சிலருக்குச் சிறுநீரகமும் ஈரலும் நுரையீரலும் பாதிக்கப்பட்டு உயிராபத்தாகிறது. எலியோடு அந்தக் கிருமிக்கு நெடுங்காலக் கணக்கு உண்டு, எலி உயிரோடு ஓடித்திரிந்து வரம்பெல்லாம் சிறுநீர் கழிப்பதே அதன் வாழ்வு. நம்மோடு அதற்கு எந்தக் கணக்கும் இல்லை. ஆகவே, நாளடைவில் நம் உடலோடு பழகி அடங்கிவிடும் என்று எலிக்காய்ச்சலைப் பற்றிச் சொல்வதற்கு இடமே இல்லை: நமக்குள் அடங்கிய வகைக்கு எந்தப் பரிசும் கிடைப்பதில்லை, கொடியதாகிய வகைக்கும் கிடைப்பதில்லை.

பாதை கிருமியைச் செதுக்குகிறது என்பதற்கு இதே குடும்பத்தில் ஓர் அழகான சான்று உண்டு. மாடுகளில் வாழும் ஒரு லெப்டோஸ்பைரா இனம், நீரில் பிழைத்திருக்க உதவும் பரம்பரையலகுகள் பலவற்றை இழந்துவிட்டிருக்கிறது. அது பெரும்பாலும் மாட்டிலிருந்து மாட்டுக்கு நேரடியாகவே செல்வதால், வெளிநீரில் நீந்திக் கிடக்கும் தேவை அதற்கு இல்லாமற்போயிற்று.

இன்னொரு விதமான வழிதவறலும் உண்டு. மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் மெனிங்கோகொக்கசு என்னும் பற்றீரியா, பத்தில் ஒருவர் என்ற அளவில் நலமானவர்களின் தொண்டையில் தீங்கின்றி வாழ்கிறது. தொண்டையிலிருந்தே அது பரவுகிறது. எப்போதாவது அது குருதிக்குள் புகுந்துவிட்டால் ஆள் ஒரு நாளுக்குள்ளேயே இறக்கக்கூடும். குருதிக்குள் புகுந்த கிருமிக்கு அங்கிருந்து வெளியேறும் வழி இல்லை. அந்த நேரத்தில் அந்த உடலுக்குள் பெருகுவதில் வென்ற வகை, அந்த உடலோடு அழிகிறது. இதைக் கிட்டப்பார்வைப் படிமலர்ச்சி (படிமலர்ச்சி என்பது தலைமுறை தலைமுறையாக உயிரினம் மாறுவது) என்ற பொருள்பட புரூஸ் லெவினும் ஜிம் புல்லும் 1994இல் விளக்கினர்.

சுருக்கமாக: ஒரு நோயின் உக்கிரத்தைக் கேள்விப்பட்டதும் முதலில் கேட்க வேண்டியது, அந்தக் கிருமி உண்மையில் எங்கே வாழ்கிறது, எந்த வழியாகப் பயணிக்கிறது என்பதே.

ஊசியும் மருந்தும் இந்தக் கணக்கை மாற்றுமா

பாதையையும் தேவையையும் மாற்றினால் கணக்கு மாறும். நம் செயல்களும் அந்தச் சூழ்நிலையின் ஒரு பகுதியே. தொண்டைக்கரப்பானுக்கான தடுப்பூசி இதற்கு ஏற்ற உதாரணம். நம் குழந்தைகளுக்கு 2, 4, 6 மாதங்களில் போடப்படும் ஐங்கூட்டுத் தடுப்பூசியில் உள்ள தொண்டைக்கரப்பான் கூறு, பற்றீரியாவைத் தாக்கும்படி உடலுக்குக் கற்பிப்பதில்லை. அதன் நச்சை முடக்கவே கற்பிக்கிறது. நச்சைச் செய்யப் பற்றீரியா சக்தியைச் செலவிட வேண்டும். ஊசி போட்ட உடலில் அந்தச் செலவுக்குப் பயனில்லை. ஆகவே பெரும்பாலானோர் ஊசி போட்ட ஊரில், நச்சைச் செய்யாத வகைக்கு நட்டம் குறைவு. நச்சைச் செய்யும் வகைக்கு நட்டம் மட்டுமே மிச்சம். தொற்றை முழுமையாகத் தடுக்காமல் நோயின் கடுமையை மட்டும் குறைக்கும் தடுப்பூசிகள் வேறு விளைவைத் தரக்கூடும் என்ற வாதமும் உண்டு. கோழிகளின் மாரெக்ஸ் நோய் வைரசில் அது சோதனையாகக் காட்டப்பட்டிருக்கிறது: ஊசி போட்ட கோழிகள் இறக்காமல் நீண்டநாள் வாழ்ந்ததால், மிகக் கொடிய வகைகளும் பரவ நேரம் கிடைத்தது. குழந்தைகளுக்கான ஊசிகளைத் தவிர்க்க இதைக் காரணமாகக் காட்டுவோர் அந்த ஆய்வைப் பிழையாக வாசிக்கின்றனர். அந்தக் கோழிகளில் ஊசி போடாதவையே இறந்தன.

எலிக்காய்ச்சலுக்கு வருவோம். விதைப்புக் காலத்தில் ஆபத்து அதிகமுள்ள விவசாயிகளுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஊடாக நோய் வராமல் தடுக்க டொக்சிசைக்ளின் என்னும் பற்றீரியாக்கொல்லி வில்லைகள் வழங்கப்படுகின்றன. அந்த வில்லையை விழுங்கினால் கிருமிக்கு வீரியம் ஏறிவிடும் என்று அதை வாங்கி வைத்துவிட்டு விழுங்காமல் விடுவோரை நான் கண்டிருக்கிறேன். இவ்வளவு தூரம் வாசித்தவருக்கு அதன் பிழை புலப்படும். நம் உடலுக்குள் அந்த மருந்து எந்த லெப்டோஸ்பைராவைக் கொன்றாலும், எதைத் தப்பவிட்டாலும், அது நம்மிலிருந்து எலிக்குத் திரும்பிச் செல்வது மிக அரிது. அடுத்த காலபோகத்தில் வயலில் இருக்கப்போகும் கிருமி, இந்த ஆண்டு எந்த மனிதனிடமும் சிகிச்சை பெறாத, வரம்புப் பொந்துகளில் வாழும் எலிகளின் சிறுநீரகத்திலிருந்தே வரும்.